படிக்காமல் ஒப்புக்கொள்வது எப்படி?

முதலில் விசைப்பலகையில் ‘எண்ட்’ விசை எங்கே இருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். புது மென்பொருள் ஒன்றைக் கணினியில் ஏற்றத் தொடங்கியதும் பொடி எழுத்தில் ஒரு பெட்டி திறக்கும். அடியில் ‘ஏற்கிறேன்’ என்று ஒரு பொத்தான் மங்கலாக, குத்தினாலும் அசையாமல் நிற்கும். கடைசி வரி வரை உருட்டினால்தான் சில பெட்டிகளில் அதற்கு உயிர் வரும். மவுஸைப் பிடித்து உருட்டிக்கொண்டிருந்தால் மணிக்கட்டு போய்விடும். ‘எண்ட்’ ஒரு தட்டு. முப்பது பக்கம் படித்து முடித்தாயிற்று. அந்த விசையைக் கண்டுபிடித்ததே இதற்காகத்தான் என்பது என் துணிபு.

நான் 1998 முதல் டிடிபி கடை நடத்துகிறேன். கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை, பள்ளிக்கூட வினாத்தாள், காதுகுத்து ஃப்ளெக்ஸ் என்று எல்லாம் பார்த்தாயிற்று. இத்தனை வருஷத்தில் எத்தனை ‘ஏற்கிறேன்’ அழுத்தியிருப்பேன் என்று கணக்கில்லை. என் கல்யாணத்துக்குக்கூட இரண்டு நாள் யோசித்துத்தான் சரி சொன்னேன். இப்போது அக்கா மகன் பக்கத்து ஊரில் கடை போடப் போகிறான். அவனுக்குச் சொன்ன யோசனைகளைத்தான் இங்கே எழுதுகிறேன். கடை வைக்காதவர்களுக்கும் உதவும். கையில் போன் வைத்திருக்கிறவர்கள் எல்லோரும் தினம் எதையாவது ஏற்றுக்கொண்டுதானே இருக்கிறார்கள்?

யாரும் படிப்பதில்லை என்பது எழுதுகிறவர்களுக்கும் தெரியும். பிரிட்டனில் கேம்ஸ்டேஷன் என்று ஒரு வீடியோ விளையாட்டுக் கடை இருந்தது. 2010 ஏப்ரல் 1 அன்று தன் இணையக் கடையின் நிபந்தனைகளுக்கு நடுவில், வாங்குபவரின் அழியாத ஆன்மா இனி எங்களுக்குச் சொந்தம் என்று ஒரு வரியைச் செருகியது. வேண்டாம் என்று சொல்பவருக்கு ஐந்து பவுண்டு கூப்பன். சுமார் 7,500 பேர் ஆன்மாவை எழுதிக்கொடுத்துவிட்டுப் போனார்கள். அவர்களில் யாரிடமாவது எமதர்மன் பாசக்கயிறோடு வந்து நின்றால், கடைக்காரர் பில்லைக் காட்டித் திருப்பி அனுப்பிவிடலாம். ஐடியூன்ஸ் என்ற பாட்டுக் கேட்கும் மென்பொருளின் ஒப்பந்தத்தில், இதை வைத்து அணு ஆயுதமோ ஏவுகணையோ செய்ய மாட்டேன் என்று நாம் வாக்குக் கொடுத்திருக்கிறோம். 2016-இல் அமேசான் வெளியிட்ட ஒரு விளையாட்டு உருவாக்கும் மென்பொருளை மருத்துவக் கருவி போன்ற உயிர் காக்கும் வேலைகளுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று விதி. ஆனால் பிணங்கள் எழுந்து வந்து மனிதரைக் கடித்துத் தின்னும் தொற்றுநோய் பரவிவிட்டதாக அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் சான்றளித்தால் மட்டும் அந்தத் தடை செல்லாது. விதிவிலக்கு கொடுக்கும்போது இப்படித் தெளிவாகக் கொடுக்க வேண்டும்.

பிசி பிட்ஸ்டாப் என்ற இன்னொரு நிறுவனம், இந்த வரியைப் படித்தவர் எங்களுக்கு எழுதினால் பரிசு உண்டு என்று ஒப்பந்தத்துக்குள் ஒளித்து வைத்தது. நாலு மாசம் கழித்து, மூவாயிரம் பேருக்கு மேல் தாண்டிப் போனபின், ஒரே ஒருவர் எழுதினார். 1,000 டாலர் கொடுத்தார்கள்.

“அப்ப படிச்சா காசு வருமா மாமா?” என்றான் அக்கா மகன்.

“ஒருத்தனுக்கு வந்துருச்சு. இனிமே வராது. நீ வேலையப் பாரு” என்றேன்.

கடைக்கு வேண்டிய சாமான்கள்

பாடப் புத்தகத்தில் மென்பொருளைப் பிரித்திருப்பார்கள்: கணினியை நடத்துவது இயங்குதளம், நமக்கு வேலை செய்வது பயன்பாட்டு மென்பொருள், துடைத்துப் பெருக்குவது துணைக்கருவி. தேர்வுக்கு இது போதும். கல்லாவில் உட்காருகிறவனுக்கு வேறு பிரிவினை வேண்டும்: பட்டா யார் பெயரில் இருக்கிறது?

விண்டோஸ் வாங்கினேன், போட்டோஷாப் வாங்கினேன் என்று சொல்கிறோம். ரொக்கம் கொடுத்து, அட்டைப்பெட்டியோடு, பில்லோடு தூக்கி வந்தாலும் அந்த வினைச்சொல் தவறு. கையில் வந்தது ஓர் அனுமதிச் சீட்டு. இத்தனை கணினியில், இன்ன வேலைக்கு, இன்ன காலம் வரை பயன்படுத்திக்கொள் என்று உரிமையாளர் விடும் அனுமதி. அதற்குத்தான் லைசென்ஸ் என்று பெயர். நிலம் அவருடையது, நீங்கள் குடியிருப்பவர்.

இந்தக் குடித்தனத்திலும் தரம் உண்டு. கடையில் தனியாக வாங்கும் பிரதியைப் பொதுவாக ஒரு கணினியிலிருந்து கழற்றி இன்னொன்றில் போட்டுக்கொள்ளலாம். புதுக் கணினியோடு சேர்ந்தே வரும் விண்டோஸுக்கு விலை குறைவு. ஆனால் அதற்கு அந்தக் கணினியோடு கல்யாணம் ஆகிவிட்டது. கணவன் போய்ச் சேர்ந்தால் மறுமணம் கிடையாது. பெரிய கம்பெனிகளுக்கு ஒரே சாவியில் நூறு கணினி என்று மொத்தமாகக் கொடுப்பார்கள். அந்த மொத்தச் சாவி எப்படியோ கசிந்து, எங்கள் ஊர் வரை வந்து, கடைக்குக் கடை சுவரில் ஒட்டியிருந்த காலம் ஒன்று உண்டு. எனக்கு அது மனப்பாடம். என் பெண்ணின் பிறந்த தேதியைச் சற்று யோசித்துத்தான் சொல்ல வேண்டும்.

இன்னொரு தரம், டாங்கிள் வைத்தது. பழைய தமிழ் ஃபான்ட் தொகுப்புகள் சிலவற்றோடு கட்டைவிரல் நீளத்தில் ஒரு பிளாஸ்டிக் துண்டு வரும். அதைக் கணினியின் முதுகில் பிரிண்டர் கேபிள் செருகும் இடத்தில் செருகி, கேபிளை அதன்மேல் செருக வேண்டும். துண்டு இருந்தால் எழுத்து வரும், உருவினால் வராது. நானும் ஒன்று வைத்திருந்தேன். அதிலும் ‘ஏற்கிறேன்’ அழுத்தினேன். அந்தக் கதை கடைசியில் வருகிறது.

சட்டம் பற்றி ஒரு வார்த்தை. நம் நாட்டில் மென்பொருள் எந்தச் சட்டத்தின் கீழ் வருகிறது தெரியுமா? 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம். 1984-இல் அதைத் திருத்தி, கணினி நிரலும் இலக்கியப் படைப்பே என்று சேர்த்தார்கள். சட்டத்தின் கண்ணுக்குக் கவிதை, நாவல், கணக்கு எழுதும் மென்பொருள் எல்லாம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கின்றன. எழுதியவர் காலமாகி 60 ஆண்டு வரை உரிமை நீடிக்கும். அறுபது வருஷத்துக்குப் பிறகும் ஒரு பிரிண்டர் டிரைவரை யாரோ தேடி வருவார்கள் என்று நம்பிய சட்டம் இது. சாகித்ய அகாதெமி மட்டும் இன்னும் இந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

ஒரிஜினல் இல்லாமல் காலம் தள்ளுவது

திருட்டு இலக்கியத்துக்குத் தண்டனை 63பி பிரிவில் இருக்கிறது. உரிமம் இல்லாத பிரதி என்று தெரிந்தே பயன்படுத்தினால் குறைந்தது ஏழு நாள், அதிகம் மூன்றாண்டு சிறை. 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். ‘தெரிந்தே’ என்ற சொல்லைக் கவனியுங்கள். ஆகவே கண்ணாடி முன் நின்று ஒரு முகத்தைப் பழகிக்கொள்வது நல்லது: “அப்படியா சார்? கம்ப்யூட்டர் வாங்கும்போதே உள்ள இருந்துச்சு சார்.” இதே சட்டம் வாங்கிய பிரதிக்குக் காப்பு நகல் எடுத்துக்கொள்ள அனுமதிக்கிறது. அந்தக் காப்பைப் பக்கத்துக் கடைக்காரர் வீட்டில் வைத்துக் காக்கலாமா என்று கேட்காதீர்கள்.

கிராக் போடும் முறையும் எளிதுதான். மென்பொருளோடு ஒரு சிறு குறிப்பு வரும். அதில் முதல் வரி எப்போதும் ஒன்றுதான்: ஆன்டிவைரஸை அணைத்துவிட்டுத் தொடங்கவும். திருடன் முதல் நாளே துண்டுச்சீட்டு அனுப்பி, நாயைக் கட்டிப்போட்டுவிட்டுக் கதவைத் திறந்து வையுங்கள் என்று கேட்டுக்கொள்கிற மரியாதை இது. நானும் பல வருஷம் நாயைக் கட்டிப்போட்டேன். ஒரு வைகாசி முகூர்த்த சீசனில், பதினாலு பத்திரிகை புரூஃபுக்கு ரெடியாக இருந்த நாளில், எல்லா ஃபைலும் பூட்டிக்கொண்டு, சாவி வேண்டுமானால் பணம் அனுப்பு என்று திரையில் வந்தது. அந்தச் செய்தியை மட்டும் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தேன்.

இந்தச் சண்டை பழசு. அந்தக் காலத்தில் மென்பொருள் என்பது பிரியாணிக்குத் தயிர்ப்பச்சடி மாதிரி. கணினியை வாங்கினால் கூடவே வரும். 1969-இல் ஐபிஎம் நிறுவனம்தான் பச்சடிகள் சிலவற்றுக்கு இனித் தனி விலை என்று அறிவித்தது. 1975-இல் ஆல்டேர் என்ற சிறு கணினிக்கு பேசிக் மொழியை எழுதி விற்ற இளைஞர்கள், ஓட்டை போட்ட காகித நாடாவில் அதைக் கொடுத்தார்கள். நாடாவை வைத்து நாடா ஓட்டை போடுவது கஷ்டமா? அமெச்சூர் சங்கங்களில் பிரசாதம்போல் விநியோகம் ஆகிவிட்டது. அந்த இளைஞர்களில் ஒருவர் 1976 பிப்ரவரியில் சங்கத்தாருக்குத் திறந்த மடல் எழுதினார். ஆல்டேர் வைத்திருப்பவர்களில் பத்து சதவீதம் பேர்கூட பேசிக்கைக் காசு கொடுத்து வாங்கவில்லை, நீங்கள் பெரும்பாலும் திருடர்கள் என்று நேராகவே சொன்னார். அப்போது அவருக்கு வயது 20. பெயர் பில் கேட்ஸ். அந்தக் கடிதத்துக்கு மூவாயிரம் பதில் வந்தாலும் எங்கள் தெருவிலிருந்து ஒன்றும் போயிருக்காது. நியாயம் அவர் பக்கம்தான் என்று எங்களுக்குத் தெரியும், விலை மட்டும்தான் கட்டுப்படியாகவில்லை.

திருட மனசில்லாதவர்களுக்கு உண்டியல் முறை இருக்கிறது. 1982 வாக்கில் ஆண்ட்ரூ ஃப்ளூகெல்மன், ஜிம் நாஃப் என்ற இரு அமெரிக்கர்கள் தனித்தனியே ஒரே யோசனைக்கு வந்தார்கள்: நகல் எடுத்து யாருக்கு வேண்டுமானாலும் கொடுங்கள், பிடித்திருந்தால் பணம் அனுப்புங்கள். ஷேர்வேர் என்று பெயர் வந்தது. ஃபைல்களைச் சுருக்கும் வின்ரார் அந்தப் பரம்பரை. நாற்பது நாள் சோதனைக் காலம். முடிந்ததும் வாங்கிக்கொள்ளுங்கள் என்று ஒரு பெட்டி காட்டும். மூடினால் வேலை செய்யும். மறுநாளும் கேட்கும். சொந்தக்காரரிடம் கைமாற்றுக் கொடுத்துவிட்டு, விசேஷ வீடுகளில் பார்க்கும்போது மட்டும் லேசாகத் தொண்டையைச் செருமுகிற மாமாவின் குணம் அதற்கு. என் கடையில் அந்த நாற்பதாவது நாள் 2003-இல் முடிந்தது.

பணத்தை ஒழுங்காகக் கட்டுகிற யோக்கியர்களுக்கும் இப்போது நிம்மதி இல்லை. 2013-இல் அடோபி நிறுவனம், போட்டோஷாப்பின் புதிய பதிப்புகளை இனி ஒரே தடவை காசு கொடுத்து வைத்துக்கொள்ள முடியாது, சந்தாதான் என்று மாற்றியது. மாசாமாசம் கட்ட வேண்டும். ஏலம் எடுக்கவே முடியாத சீட்டு. ஒரு மாசம் தவறினால் நீங்கள் செய்த டிசைன் உங்கள் டிஸ்க்கில் இருக்கும், அதைத் திறக்கும் சாவி இருக்காது. புத்தகத்துக்கும் இதே கதிதான். 2009-இல் கிண்டில் கருவியில் ஒரு நாவல் விற்கப்பட்டது. விற்றவருக்கு அந்த உரிமை இல்லை என்று தெரிந்ததும், வாங்கியவர்களின் கருவிகளிலிருந்து அமேசான் அதைத் தூரத்திலிருந்தே அழித்தது, பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. அழிக்கப்பட்ட நாவல் ஜார்ஜ் ஆர்வெல்லின் 1984. கதையில் எழுதினால் மிகை என்று நானே புரூஃபில் அடித்திருப்பேன்.

எந்த இலவசம்?

ஆங்கிலேயருக்கு ஒரு கஷ்டம் உண்டு. காசில்லாததற்கும் கட்டில்லாததற்கும் அவர்களிடம் ஒரே சொல், ஃப்ரீ. நமக்கு அந்தக் குழப்பம் கிடையாது. இலவசம் என்ற சொல்லே கௌரவக் குறைவு என்று ‘விலையில்லா’ என்று அரசாணை போட்டுப் பழகிய ஊர் இது. விலையில்லா மென்பொருள் என்றால் காசு வேண்டாம், ஆனால் பட்டா அவர் பெயரில்தான். நாளைக்கே விலை வைக்கலாம், நிறுத்தலாம், உள்ளே என்ன இருக்கிறது என்று காட்ட வேண்டியதில்லை. கட்டற்ற மென்பொருள் என்பது வேறு சாதி. அதற்குக் காசுகூட வாங்கலாம், ஆனால் கட்டிப்போட முடியாது.

அதன் பிறப்புக்குக் காரணம் ஒரு பேப்பர் ஜாம் என்பதால் எனக்கு அதன்மேல் தனிப் பிரியம். 1980 வாக்கில் அமெரிக்காவின் எம்ஐடி ஆய்வகத்துக்கு ஜெராக்ஸ் நிறுவனம் ஒரு லேசர் பிரிண்டரைக் கொடுத்தது. தாள் சிக்கிக்கொண்டே இருக்கும். முந்தைய பிரிண்டரில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்ற நிரலர் ஒரு வேலை செய்துவைத்திருந்தார்: தாள் சிக்கினால், அச்சுக்காகக் காத்திருப்பவர்களின் திரைக்குச் செய்தி போகும், யாராவது ஒருவர் எழுந்து போய் எடுத்துவிடுவார். புது பிரிண்டரில் அதைச் செய்ய முடியவில்லை, மூல நிரலைத் தரவில்லை. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஒருவரிடம் அது இருப்பதாகக் கேள்விப்பட்டு நேரில் போய்க் கேட்டார். யாருக்கும் தர மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன் என்று அவர் மறுத்துவிட்டார். ஸ்டால்மன் அதை மறக்கவே இல்லை. மேடை மேடையாகச் சொன்னார். பேப்பர் சிக்கினால் பிரிண்டர் தலையில் ஒரு தட்டுத் தட்டுவதோடு நம் கோபம் தீர்ந்துவிடும். அவர் 1983 செப்டம்பரில் ஒரு முழு இயங்குதளத்தையே எழுதப் போவதாக அறிவித்து, க்னூ என்று பெயர் வைத்தார்.

1989-இல் வந்த அவருடைய ஜிபிஎல் உரிமத்தை நான் ஊர்ப் பொதுக் கிணறு என்று புரிந்துகொண்டிருக்கிறேன். யார் வேண்டுமானாலும் இறைக்கலாம். எதற்கு வேண்டுமானாலும் இறைக்கலாம். உள்ளே இறங்கிப் பார்க்கலாம், ஆழப்படுத்தலாம், தண்ணீரை அடுத்த ஊருக்கு விற்கவும் செய்யலாம். ஒரே ஒரு நிபந்தனை: நீ ஆழப்படுத்திய கிணற்றை ஊருக்குக் கொடுக்கும்போது வேலி போட்டுக் கொடுக்கக் கூடாது. உனக்கு எந்த நிபந்தனையில் வந்ததோ அதே நிபந்தனையில் அடுத்தவனுக்கும் போக வேண்டும். ஹெல்சிங்கியில் படித்துக்கொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் எழுதத் தொடங்கிய லினக்ஸை மறு ஆண்டு இந்த உரிமத்தின் கீழ் கொண்டுவந்தார். இன்று ஆண்ட்ராய்டு போன் வைத்திருப்பவர் எல்லோரும் அந்தக் கிணற்றுத் தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள்.

வேலி போட்டால் கேட்பார்களா? கேட்டார்கள். 2003-இல் லிங்க்சிஸ் நிறுவனத்தின் வைஃபை பெட்டி ஒன்றைத் துழாவிப் பார்த்தவர்கள், உள்ளே லினக்ஸ் இருப்பதையும் மூல நிரல் கொடுக்கப்படாததையும் கண்டுபிடித்தார்கள். சத்தம் போட்டார்கள். நிறுவனம் நிரலை வெளியிட்டது. அதை வைத்து ஆர்வலர்கள் செய்த ஓப்பன்டபிள்யூஆர்டி இன்றும் எத்தனையோ பெட்டிகளில் ஓடுகிறது. பொதுக் கிணற்றிலிருந்து திருட்டுத்தனமாகக் குழாய் போட்டவர் வீட்டு முற்றத்திலேயே ஊருக்கு இன்னொரு குழாய் கிடைத்தது.

என் பங்குக்கு நான் கட்டற்ற மென்பொருளை என்ன செய்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த கணினிகளில் விண்டோஸோடு சேர்த்து, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. பிள்ளைகள் வரிசையில் வந்து, “அண்ணா, இதுல பாஸ்னு ஒண்ணு இருக்கு, எடுத்துருங்க” என்பார்கள். எடுத்துவிடுவேன். இருநூறு ரூபாய். அந்த இடத்தில் போட்டோஷாப்பும் இரண்டு விளையாட்டும் போட்டுக் கொடுப்பேன். அதற்குத் தனியாக நூறு. சட்டப்படி சுதந்திரமாக இருந்ததைக் கழற்றிவிட்டு, திருட்டை ஏற்றி, இரண்டுக்கும் கூலி வாங்கிய தொழில் எங்களுடையது.

உபயம்

எம்ஐடி, பிஎஸ்டி என்று இன்னொரு வகை உரிமங்கள் உண்டு. இவற்றில் கிணற்று நிபந்தனைகூடக் கிடையாது. எடுத்துக்கொள், மாற்று, விற்றுக்கொள், உன் வீட்டுக்குள் வைத்துப் பூட்டிக்கொள். எழுதியவர் பெயரையும் உரிம வாசகத்தையும் மட்டும் அழிக்காதே. கோயில் டியூப் லைட்டில் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு ‘உபயம்’ எழுதியிருக்குமே, அதே ஏற்பாடு. நம்பிக்கை இல்லாவிட்டால் உங்கள் போனில் அமைப்புகளுக்குள் போய், போனைப் பற்றி என்ற பக்கத்தில் சட்டத் தகவல், ஓப்பன் சோர்ஸ் உரிமங்கள் என்று தேடிப் பாருங்கள். ராஜகோபுரத் திருப்பணிக் கல்வெட்டுபோல உபயதாரர் பட்டியல் கீழே கீழே போய்க்கொண்டே இருக்கும். ‘எண்ட்’ விசைகூட அங்கே கிடையாது.

உபயதாரர்களில் குறும்புக்காரர்களும் உண்டு. விம் என்ற எழுதுபொறியைச் செய்த பிராம் மோலனார், பிடித்திருந்தால் உகாண்டாவின் ஆதரவற்ற குழந்தைகளுக்கு உதவுங்கள் என்று கேட்டுக்கொண்டார். டென்மார்க்கின் பவுல்-ஹென்னிங் காம்ப், என்றாவது நேரில் சந்தித்து, என் நிரல் அதற்குத் தகும் என்று தோன்றினால் ஒரு பீர் வாங்கிக் கொடுங்கள் என்று உரிமம் எழுதினார். டக்ளஸ் கிராக்ஃபோர்டு, இதை நன்மைக்கே பயன்படுத்த வேண்டும், தீமைக்குக் கூடாது என்று ஒரு வரி போட்டுவைத்தார். ஒரு பெரிய நிறுவனத்தின் வக்கீல் அவருக்கு எழுதி, எங்கள் வாடிக்கையாளர்கள் என்ன செய்வார்கள் என்று எங்களுக்கு உத்தரவாதம் இல்லையே என்று அனுமதி கேட்டாராம். தீமை செய்யச் சிறப்பு அனுமதி வழங்கியதாகக் கிராக்ஃபோர்டே மேடையில் சொல்லிச் சிரித்தார். வக்கீல் நிம்மதியாக நன்றி எழுதினார்.

உரிமையே வேண்டாம் என்று விட்டுவிடுவதும் உண்டு. பாரதி எழுத்துகளின் உரிமையை 1949-இல் சென்னை மாகாண அரசு வாங்கி, பிறகு பொதுமக்களுக்கே விட்டது. அதனால்தான் அவர் கவிதையை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம், ஃப்ளெக்ஸில் தப்பும் தவறுமாகப் போடலாம். மென்பொருளில் அதற்குச் சமமாக எனக்குத் தெரிந்தது எஸ்க்யூலைட். ஏறக்குறைய எல்லா போனுக்குள்ளும் இருந்து தகவலை அடுக்கிவைக்கும் சின்ன மென்பொருள். அதைச் செய்த ரிச்சர்ட் ஹிப், உரிமத்துக்குப் பதிலாக நிரலின் தலையில் ஓர் ஆசீர்வாதத்தை எழுதி நாட்டுடைமை ஆக்கிவிட்டார். சும்மா கிடைப்பதை நம்ப மாட்டோம் என்று சில கம்பெனிகள் அடம்பிடித்ததால், அவர்களுக்கு மட்டும் 6,000 டாலருக்கு ஒரு உரிமைச் சான்றிதழ் விற்கிறார்கள்.

கட்டற்ற உலகில் சண்டை வந்தால் பாகப்பிரிவினை நம்மூர் மாதிரி நடப்பதில்லை. ஆரக்கிள் நிறுவனம் ஓப்பன்ஆஃபீஸ் என்ற அலுவலக மென்பொருளை வைத்திருந்த சன் நிறுவனத்தை 2010-இல் வாங்கியதும், அதில் உழைத்துவந்தவர்கள் அந்த ஆண்டு செப்டம்பரிலேயே லிப்ரெஆஃபீஸ் என்று தனிக்குடித்தனம் போனார்கள். வரப்பு வெட்டவில்லை, கோர்ட்டுக்குப் போகவில்லை. அண்ணனுக்கும் முழு நிலம், தம்பிக்கும் முழு நிலம். இதை என் பங்காளிகளிடம் விளக்க இரண்டு முறை முயன்றேன்.

ஏறக்குறைய எல்லா வகை உரிமத்திலும், காசுள்ளதோ இல்லாததோ, ஒரு பத்தி மட்டும் பெரிதாக மாறாது: இது இருந்தபடியே தரப்படுகிறது, எதற்கும் உத்தரவாதம் இல்லை, உங்களுக்கு என்ன நஷ்டம் வந்தாலும் நாங்கள் பொறுப்பல்ல. ஆங்கிலத்தில் இந்தப் பத்தியை மட்டும் பெரிய எழுத்தில் போடுவார்கள், காதருகில் வந்து கத்துவதுபோல் இருக்கும். தமிழில் பெரிய எழுத்து இல்லாதது வக்கீல்களுக்கு நஷ்டம்தான்.

கடைசி யோசனை

கடை நிலைக்க வேண்டுமானால் ஃபைலை மட்டும் யாருக்கும் கொடுக்காதீர்கள். பத்திரிகை வேண்டுமா, அச்சடித்துக் கொடுங்கள். வாட்ஸப்பில் கேட்கிறாரா, படமாக்கி அனுப்புங்கள். மூல ஃபைல் உங்கள் டிஸ்க்கை விட்டு வெளியே போகக் கூடாது. போனால் அடுத்த ஆர்டரைப் பக்கத்துக் கடைக்காரன் திருத்தி அடித்துவிடுவான். இதைப் பில்லின் பின்பக்கமே அச்சடித்துவிடுங்கள். என் பில்லில் இருக்கிறது: ஃபைல் தரப்பட மாட்டாது, புரூஃப் பார்த்தபின் வரும் பிழைக்குக் கடை பொறுப்பல்ல, முப்பது நாளுக்கு மேல் ஃபைலுக்கு உத்தரவாதம் இல்லை. முன்பக்கம் கையெழுத்து வாங்கிக்கொள்வேன். இத்தனை வருஷத்தில் ஒருவரும் திருப்பிப் பார்த்ததில்லை.

1999-இல் ஒரு தமிழ் வாத்தியார் வந்தார். சுற்றுவட்டார ஊர்ப்பெயர்களுக்குக் காரணம் தேடி, சைக்கிளிலேயே அலைந்து எழுதிய புத்தகம், 212 பக்கம். பேஜ்மேக்கர் என்ற பக்கம் அமைக்கும் மென்பொருளில், அந்த டாங்கிள் ஃபான்ட்டில், நானே தட்டினேன். முடிந்ததும், “ஒரு ஃப்ளாப்பில போட்டுக் குடுங்க தம்பி” என்றார். “ஃபைல் குடுக்கறதில்ல சார். மறுபதிப்புக்கு நம்மகிட்டயே வாங்க” என்றேன்.

போன மாதம் வந்தார். எண்பது தாண்டியிருக்கும். மறுபதிப்பு போட வேண்டும் என்றார். சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன் என்று பெருமையாகத்தான் இருந்தது. முப்பது நாள் என்று எழுதியிருந்தாலும் டிஸ்க் மாற்றி டிஸ்க்காக அந்த ஃபைலை வைத்திருந்தேன். பேஜ்மேக்கருக்கோ 2001-க்குப் பிறகு புதிய பதிப்பே வரவில்லை. பரணிலிருந்து பழைய கணினியை இறக்கி ஃபைலைத் திறந்தோம். பக்க எண், கட்டம், கோடு எல்லாம் அப்படியே இருந்தன. எழுத்து இருந்த இடத்தில் கொம்பும் புள்ளியுமாக ஐரோப்பிய எழுத்துகள். ஃபான்ட் வேண்டும். ஃபான்ட்டுக்கு டாங்கிள் வேண்டும். டாங்கிள் மேஜை டிராயரில் இருந்தது. செருகிப் பார்த்தால் பேச்சில்லை. செய்த கம்பெனியை மூடிப் பல வருஷம் ஆகிறது. அக்கா மகன் எழுத்து மாற்றிகளாகத் தேடி ஒரு நாள் முழுக்க முயன்றான். அந்தக் குறியேற்றம் எதிலும் இல்லை.

ஊர்ப்பெயர் ஊராருடையது. சொல் வாத்தியாருடையது. ஃபைல் என்னுடையது. எழுத்து, இல்லாத கம்பெனியுடையது. பேஜ்மேக்கர் யாருடையது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இத்தனை பேரிடமும் உரிமை பத்திரமாக இருந்தது. புத்தகம் மட்டும் திறக்கவில்லை.

அச்சுப் பிரதியைப் பார்த்து முதலிலிருந்து தட்டுகிறோம். அக்கா மகன் யூனிகோடில், லிப்ரெஆஃபீஸில், ஓப்பன் ஃபான்ட் உரிமத்தில் கிடைக்கும் ஒரு நோட்டோ எழுத்தில் அடிக்கிறான். அந்த உரிமத்தில் ஃபான்ட்டைத் தனியாக விற்கக் கூடாது, மற்றபடி எந்தப் புத்தகத்தில் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம் என்று படித்துச் சொன்னான். படித்திருக்கிறான். வாத்தியார் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து, இருபத்தைந்து வருஷத்துக்கு முந்தைய பிழைகளை இப்போது திருத்துகிறார்.

நேற்று முன்பணத்துக்குப் பில் போட்டு நீட்டினேன். வாங்கியவர் கையெழுத்துப் போடவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பில்லைத் திருப்பி, பின்பக்கத்தை நிதானமாக, உதடு அசைய, கடைசி வரி வரை படித்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்து அதன்மேல் வைத்தார்.